மின்தடையை யார் கொடுத்தது?

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



ராசிபுரம் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன் நான். உங்களிடம் பத்தாவது முடித்து, ஐடிஐ பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வேலை பழக வரும் பையன்கள்தான் என் கடையில் கை உதவிக்கு. குறை சொல்வதற்காக எழுதவில்லை என்று மடலைத் தொடங்குவது வழக்கம். நான் கொஞ்சம் குறை சொல்லத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையன்களுக்குச் சூத்திரம் தெரிகிறது. 12 வோல்ட் பேட்டரி, 4 ஓமும் 2 ஓமும் தொடர் இணைப்பில், மின்னோட்டம் எவ்வளவு என்றால், பேனாவைத் தேடாமலே 2 ஆம்பியர் என்கிறார்கள். திறன் 24 வாட் என்றும் சேர்த்தே சொல்கிறார்கள். அதே பையனிடம் மல்டிமீட்டரைக் கொடுத்து, "இந்த ஷெட்டுல பல்பு ஏன் மங்கலா எரியுதுன்னு பாரு கண்ணு" என்றால், மீட்டரைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்க்கிறான்.

எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். நீங்கள் போடும் கணக்கில் முதல் வரி 'கொடுக்கப்பட்டவை'. மின்தடை அங்கேயே வந்துவிடுகிறது, அதுவும் முழு எண்ணாக. வேலையிடத்தில் அதை யாரும் கொடுப்பதில்லை. சுற்றில் எதெல்லாம் மின்தடை, அது எத்தனை இடத்தில் ஒளிந்திருக்கிறது, இப்போது அளந்த எண் இன்னும் ஐந்து நிமிடத்தில் அப்படியே இருக்குமா என்று கண்டுபிடிப்பதிலேயே முக்கால்வாசி வேலை போய்விடுகிறது. பெருக்கலையும் வகுத்தலையும் செல்போன் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே என் வேண்டுகோள் இது: மின்னோட்டவியல் பாடம் வரும்போது, பள்ளி மதிலுக்கு வெளியே கிடக்கும் சுற்றுகளிலிருந்து கணக்கை எடுங்கள். எல்லா ஊருக்கும் வாய்க்காத வசதி நமக்கு இருக்கிறது.

முதலில் லாரி. பாடப் புத்தகத்தில் இருக்கும் பேட்டரியும் பல்பும் கொண்ட நேர்மின்னோட்டச் சுற்று வீட்டு வயரிங்கில் இல்லை. நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகளில் வரிசையாக நிற்கிறது. இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடரில் சேர்ந்து 24 வோல்ட். முன் விளக்கு 70 வாட் என்று வைத்துக்கொள்வோம். 24ஐ 24ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் எரியும் பல்பின் மின்தடை 8.23 ஓம். பேட்டரியிலிருந்து பல்புக்கு ஒரு வயர்தான் போகிறது. திரும்பி வரும் வழி சேஸிஸ் இரும்பு. அந்த எர்த் போல்ட்டில் துரு ஏறி 1 ஓம் தடை வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். சுற்றின் மொத்தம் 9.23 ஓம், ஓட்டம் 2.6 ஆம்பியர், பல்புக்குக் கிடைப்பது 56 வாட்டுக்கும் சற்றுக் குறைவு. டிரைவர் இதைக் கண்டுகொள்ள மாட்டார். இரண்டு விளக்குக்கும் அதே போல்ட்தான் எர்த் என்றால் கதை மாறும். பக்க இணைப்பில் இரண்டு பல்பு 4.11 ஓம், துருவோடு 5.11 ஓம், ஓட்டம் 4.7 ஆம்பியர். ஒவ்வொரு விளக்குக்கும் 45 வாட்தான் மிஞ்சுகிறது. துருப்பிடித்த போல்ட்டில் மட்டும் 22 வாட் சூடாகப் போகிறது. "ஒண்ணு போட்டா நல்லா எரியுதுங்க, ரெண்டும் போட்டா ரெண்டும் மங்குதுங்க" என்று டிரைவர் சொல்லும் புகாருக்குள் தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. இதைவிட நல்ல பத்து மார்க் கேள்வி எனக்குத் தெரியாது.

அடுத்து கோழிப்பண்ணை. நம் விடுதிப் பள்ளிகளுக்கு 'பிராய்லர் பள்ளி' என்று பட்டப்பெயர் வைத்தவர்களுக்கு ஊர் விவரம் போதாது. பிராய்லருக்குப் பல்லடம், நாமக்கல் முட்டைக்கோழிக்குப் பெயர்போன ஊர். அது போகட்டும். பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும்; பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். கரி அடுப்பு, கேஸ் புரூடர் வைப்பவர்கள் உண்டு. குண்டு பல்பு கட்டுபவர்கள் குஞ்சு ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டு வாட் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டில் எல்லாம் எல்இடி வந்துவிட்டதால் உங்கள் மாணவர்களில் பலர் சூடான பல்பைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். டங்ஸ்டன் இழை இன்னமும் உயிரோடு இருக்கும் இடங்களில் ஒன்று குஞ்சு ஷெட்.

100 வாட் பல்பை 230 வோல்ட்டில் எரித்தால் மின்தடை 529 ஓம். இது புத்தகக் கணக்கு. இப்போது பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 40 ஓமுக்குப் பக்கத்தில் காட்டும். வகுப்பே குழம்பும், குழம்பட்டும். மீட்டர் பழுது என்பான் ஒருவன், சூத்திரம் தப்பு என்பான் இன்னொருவன். இரண்டும் இல்லை. இழை எரியும்போது இரண்டாயிரத்து ஐந்நூறு டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் அதன் தடை பன்னிரண்டு, பதின்மூன்று மடங்காகிறது. சுவிட்ச் போட்ட கணத்தில் பல்பு பியூஸ் போவதற்கும் குளிர்ந்த இழையின் இந்தக் குறைந்த தடைதான் காரணம். அந்த ஒரு கணம் 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. எரியத் தொடங்கிய பின் அரை ஆம்பியர்கூட இல்லை.

சாயங்காலம் லோ வோல்டேஜ் வந்து 180 வோல்ட் ஆகிறது. 529 ஓம் மாறாது என்று கணக்குப் போட்டால் 61 வாட். உண்மையில் இழை குளிர்ந்து தடை குறைவதால் 68 வாட் அளவுக்கு இழுக்கும். வெளிச்சமோ பாதிக்கும் கீழே போய்விடும். பண்ணைக்காரர் வெளிச்சத்தைப் பார்த்துப் பதறுகிறார். குஞ்சுக்கு வேண்டியது வெளிச்சம் அல்ல, சூடு. அது மூன்றில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. ஆனாலும் மார்கழிப் பனியில் அந்த மூன்றில் ஒரு பங்கே குஞ்சுகளைப் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற வைக்கும். அடியில் மாட்டியது மூச்சுத் திணறிச் சாகும். விடைத்தாளில் 61 என்று எழுதியவனுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். மீட்டரில் ஏன் 68 வருகிறது என்று கேட்டவனுக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வழி இருந்தால் அதையும் செய்யுங்கள்.

ஷெட்டில் இன்னொரு கணக்கு இருக்கிறது. சர்வீஸ் போர்டிலிருந்து ஷெட் 150 மீட்டர். மலிவாக இருக்கிறது என்று 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுத்திருக்கிறார்கள். அந்த வயருக்குக் கிலோமீட்டருக்கு 12.1 ஓம். பையன்கள் 150 மீட்டருக்குக் கணக்குப் போடுகிறார்கள். போன கரண்ட் திரும்பி வர வேண்டாமா? வழி 300 மீட்டர், தடை 3.63 ஓம். உள்ளே இருபது 100 வாட் பல்பு பக்க இணைப்பில். புத்தகக் கணக்கின் 529ஐயே 20ஆல் வகுத்தால் 26.45 ஓம். மொத்தம் 30.08 ஓம், ஓட்டம் 7.65 ஆம்பியர். பல்பு முனையில் 202 வோல்ட்தான் நிற்கும். 2000 வாட் கட்டினேன் என்று நினைப்பவருக்குக் கிடைப்பது 1550 வாட். வயரில் மட்டும் 212 வாட் சூடாகி ஆகாயத்தில் போகிறது, அதற்கும் மீட்டர் ஓடுகிறது. சூடு போதவில்லை என்று இன்னும் ஐந்து பல்பு மாட்டினால் வயரில் இழப்பு கூடி, ஏற்கெனவே எரிந்தவை இன்னும் மங்கும். 4 சதுர மில்லிமீட்டர் வயராக மாற்றினால் வயரின் தடை 1.38 ஓமுக்கு இறங்கி, அதே இருபது பல்பு 1800 வாட் கொடுக்கும். பல்பு வாங்குவதா, வயர் வாங்குவதா என்று பண்ணைக்காரர் தவிக்கும்போது பதில் சொல்லக்கூடிய ஆள் அந்த வீட்டிலேயே பத்தாவது படித்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் யாரும் கேட்பதில்லை. அவனும் இது பாடத்தில் வந்ததுதான் என்று நினைப்பதில்லை.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். போன வருடம் சேர்ந்த பையன் ஒருவன் 5 எச்பி மோட்டாரின் இரண்டு பேஸுக்கு நடுவே தடையை அளந்தான். 4 ஓம். உடனே 415ஐ 4ஆல் வகுத்து, "அண்ணா, 104 ஆம்பியர் வருதுங்க, பியூஸ் தாங்காதுங்க" என்றான். ஓட்டிக் கிளாம்ப் மீட்டரைப் போட்டால் 8 ஆம்பியர். அவன் முகத்தில் ஏமாற்றப்பட்டவன் களை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. மின்னழுத்தத்தை மின்தடையால் வகுக்கலாம் என்று மட்டும்தான் அவனுக்குச் சொல்லியிருக்கிறோம். எங்கே வகுக்கக்கூடாது என்று சொல்லவில்லை. மாறுமின்னோட்டத்தில் காயில் வெறும் செம்புக் கம்பியாக நடந்துகொள்ளாது. அதைச் சுற்றிய காந்தப்புலம் மாறிமாறி எதிர்த்துத் தள்ளுகிறது; ரோட்டார் சுழலச் சுழல அந்த எதிர்ப்பு பலக்கிறது. ரோட்டார் ஜாமாகி நின்றுவிட்டால் ஓட்டம் ஐந்தாறு மடங்காகிறது. அப்போது வரும் வார்னிஷ் கருகிய வாசனைதான் எனக்குச் சோறு போடுகிறது. பத்தாம் வகுப்பில் மாறுமின்னோட்டத்தை விரிக்க நேரம் இருக்காது, தெரியும். ஆனால் 'இந்தச் சூத்திரம் பல்புக்கும் அடுப்புக்கும் வயருக்கும் சரி, ஓடும் மோட்டாருக்கு இப்படியே போடாதே' என்று ஒரு வாக்கியம் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

லோ வோல்டேஜில் பல்பும் மோட்டாரும் எதிரெதிராக நடப்பதை எந்தப் பையனும் முதல் தடவை நம்புவதில்லை. வோல்ட் குறைந்தால் பல்பில் ஓட்டம் குறையும், பல்பு குளிரும். மோட்டார் அப்படியில்லை. ஆயிரம் அடியிலிருந்து தண்ணீர் தூக்கும் வேலை அப்படியே இருக்கிறது. வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டித்தான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். 8 ஆம்பியர் ஓடிய காயிலில் 10 ஆம்பியர் ஓடினால் சூடு கால்வாசிதான் கூடும் என்று தோன்றும். ஓட்டத்தின் வர்க்கம் அல்லவா? 64 இருந்த இடத்தில் 100. அதாவது 56 சதவீதம் கூடுதல் சூடு. ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே டிரிப் ஆகும். கரண்ட் இருக்கும் நேரமே கொஞ்சம், இது வேறு தொந்தரவு என்று ரிலேயைத் திருகி ஏற்றிவிடுவார்கள், இல்லையென்றால் டைரக்ட் கொடுத்துவிடுவார்கள். அடுத்த வாரம் மோட்டார் என் கடைக்கு வரும். எனக்கு வருமானம்தான். இருந்தாலும் சொல்கிறேன்.

அந்தச் சூட்டை அளக்க வெப்பமானி வேண்டாம், மல்டிமீட்டரே போதும் என்பது இன்னொரு அழகு. செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். காலையில் 30 டிகிரியில் 4.0 ஓம் காட்டிய காயில், ஓடி நிறுத்தியவுடன் 4.8 காட்டினால் உள்ளே சூடு 80 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஒரு எச்சரிக்கை: மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.3 ஓம் என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் வயரின் சொந்தத் தடை. அதைக் கழிக்காமல் எழுதுகிற எண் எண்ணே அல்ல.

ஆயிரம் அடி என்றேன். நம் பக்கம் அது மிகை இல்லை. நாடு முழுக்க ஓடும் போர்வெல் வண்டிகளுக்குத் திருச்செங்கோடுதான் தாய்வீடு. 300 மீட்டர் ஆழத்தில் 10 எச்பி மோட்டார், 15 ஆம்பியர், 4 சதுர மில்லிமீட்டர் பிளாட் கேபிள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேபிளுக்குக் கிலோமீட்டருக்கு 4.95 ஓம், 300 மீட்டருக்கு ஒரு கோருக்கு 1.485 ஓம். 15இன் வர்க்கம் 225. மூன்று கோருக்குமாகச் சேர்த்தால் 1002 வாட். ஒரு கிலோவாட் தண்ணீரைத் தொடாமலே போர்க் குழிக்குள் சூடாகிக் கரைகிறது. மேலே 415 வோல்ட் காட்டும்போது கீழே மோட்டாருக்கு 376தான் சேர்கிறது. 1990இல் இருந்து விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இந்த ஒரு கிலோவாட் எந்த பில்லிலும் வருவதில்லை. பில்லில் வராத எதையும் நாம் கணக்குப் போடுவதில்லை. ஆனால் கீழே 376 வோல்ட்டில் திணறும் காயிலுக்கு இலவசம் என்று எதுவும் கிடையாது.

கம்பியில் இப்படிச் சூடாகப் போவதைக் குறைக்கத்தான் தூர தேசத்து மின்சாரத்தை வோல்ட்டை ஏற்றி அனுப்புகிறார்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 1,765 கிலோமீட்டர், 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை. 2021இல் நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள். பிளஸ் 800, மைனஸ் 800, நடுவே 1,600 கிலோவோல்ட். அந்தப் பாதை கடத்தும் 6,000 மெகாவாட்டை அதால் வகுத்தால் 3,750 ஆம்பியர். வோல்ட்டைப் பாதியாக்கினால் ஓட்டம் இரட்டிக்கும், அதே கம்பியில் இழப்பு நான்கு மடங்காகும். உயர் அழுத்தக் கோபுரங்கள் தோட்டத்துக்குள் வருவதை எதிர்த்து, சாலையோரம் புதைவடமாகக் கொண்டு போ என்று கொங்கு மாவட்ட விவசாயிகள் போராடியது உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் வகுப்பில் அந்தப் போராட்டத்தில் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் இருக்கலாம். யார் பக்கம் நியாயம் என்று வகுப்பில் தீர்ப்புச் சொல்லச் சொல்லவில்லை. 800 கிலோவோல்ட் ஏன் என்ற கணக்கு அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் அப்பாவின் வாதமும் கூர்மையாகும்.

இவ்வளவு சொன்னபின் ஒன்றைச் சொல்லாமல் விடுவது பாவம். எர்த். நம் செம்மண் பூமி சித்திரையில் காய்ந்து பாளம் விட்டால் எர்த் குழியின் தடை ஏறும். குழிக்கு உப்பும் கரியும் போட்டு, வெயில் காலத்தில் குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வது அதனால்தான். குழியின் தடை 50 ஓம் என்று வையுங்கள். மோட்டார் பாடியில் பேஸ் தொட்டுவிட்டால் எர்த் வழியாக ஓடுவது 230ஐ 50ஆல் வகுத்த 4.6 ஆம்பியர். 10 ஆம்பியர் பியூஸ் அதைப் பொருட்படுத்தாது, உருகாது. பாடி அப்படியே உயிரோடு நிற்கும். ஈரக் காலோடு வருகிறவர் உடம்பின் தடையை 1000 ஓம் என்று கொண்டால் 230 மில்லி ஆம்பியர். மின்கசிவைப் பிடிக்கும் ஆர்சிசிபியை 30 மில்லி ஆம்பியரிலேயே துண்டிக்கும்படி வைத்திருக்கிறார்கள். மனித இதயத்துக்கு அதற்கு மேல் நம்பி விட முடியாது. இந்த ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டு, வீட்டில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். இல்லாத வீடுகள் எத்தனை என்று கை தூக்கும்போது தெரியும்.

சிலபஸ் முடிக்க வேண்டும், அரையாண்டுக்குள் ரிவிஷன் தொடங்க வேண்டும், நூற்றுக்கு நூறு காட்ட வேண்டும் என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. உங்களைப் போல் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்தான் இந்தச் சூத்திரத்தைத் தந்த ஓமும். கொலோன் நகரப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் எடுத்தபடியே சோதனை செய்தார். 1825இல் அவர் வெளியிட்ட முதல் சூத்திரம் சரிப்படவில்லை. அவர் வைத்திருந்த வோல்டா அடுக்கு ஓட ஓடத் தளர்ந்துகொண்டே போனது. மின்தடையைச் சந்தேகிப்பதற்கு முன் மின்கலத்தைச் சந்தேகிக்க வேண்டியிருந்தது. போக்கென்டார்ப் என்பவர் சொன்ன யோசனைப்படி, ஒரு முனை கொதிநீரிலும் மறு முனை பனிக்கட்டியிலும் நிற்கும் வெப்ப மின்னிரட்டையை வைத்தபின் அழுத்தம் ஆடாமல் நின்றது. 1827இல் புத்தகம் வந்தது. சொந்த நாட்டில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, வேலையை விட்டார். லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்தபோது 1841. நம் பிள்ளைகள் ஒரே வரியில் மனப்பாடம் செய்யும் விதி அவ்வளவு அலைந்து வந்தது.

செய்முறைக்கு 230 வோல்ட் பக்கம் பிள்ளைகளை விட வேண்டாம். 12 வோல்ட் பேட்டரி ஒன்று, காரின் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்று, இருபது ரூபாய்க்குள் கிடைக்கும் ஹோல்டர் ஒன்று, ஒரு மல்டிமீட்டர். எரியாதபோது பல்பின் தடை அரை ஓமை ஒட்டி இருக்கும். எரியும்போது அழுத்தத்தையும் ஓட்டத்தையும் அளந்து வகுத்தால் 7 ஓமுக்குச் சற்றுக் குறைவாக வரும். நடுவே 1 சதுர மில்லிமீட்டர் வயரைப் போக வர 20 மீட்டர் சேருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே விழுவதை அவர்களே பார்க்கலாம். முனையைத் தளர்வாக முறுக்கிவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு கேள்வி: பல்புச் சுற்றில் அரை ஓம் லூஸ் கனெக்‌ஷனுக்கும், 15 ஆம்பியர் ஓடும் மோட்டார் ஸ்டார்ட்டரில் அதே அரை ஓமுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டாவதில் 112 வாட்டுக்கு மேல் வரும். கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் ஒரு 100 வாட் பல்பின் சூடு. பள்ளிபாளையம், குமாரபாளையத்துத் தறிப் பட்டறையில் பஞ்சு படிந்த போர்டுக்குள் அது என்ன செய்யும் என்று விளக்க வேண்டியிருக்காது. பாதிப் பேர் வீட்டில் தறி ஓடுகிறது.

வயருக்கும் பல்புக்கும் பள்ளி நிதியைத் தொட வேண்டாம். கழித்துப் போட்ட பிளாட் கேபிள் துண்டுகள், எரிந்த காயில்கள், பழைய ரிலேக்கள் என் போன்ற கடைகளின் மூலையில் கிடக்கின்றன. எடைக்குப் போவதற்கு முன் கேட்டால் கொடுப்போம். பையன்களையும் பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே வந்தாலும் சந்தோஷம். மூன்று பேஸ் வரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். பங்குனி, சித்திரை மட்டும் வேண்டாம். அப்போது காயில் போன மோட்டார்கள் வாசல் வரை கிடக்கும், உள்ளே நிற்க இடம் இருக்காது.

இப்படிக்கு,
ராசிபுரம் வட்டத்தில் மோட்டார் காயில் கட்டும் ஒருவன்